டிவி, பழைய லேப்டாப், கூடவே ஓர் அக்கா: ஊரில் இணையவழிப் படிப்பகம் நடத்த முழுமையான வழிகாட்டி

இணையத்தில் பாடம் கிடைக்கவில்லை என்று இன்று யாரும் குறை சொல்ல முடியாது. ஒன்றாம் வகுப்பு 'அ, ஆ' தொடங்கி ஐஐடி பேராசிரியரின் வகுப்பு வரை காசில்லாமல் கொட்டிக் கிடக்கிறது. ஆனாலும் எட்டாம் வகுப்புப் பிள்ளை கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமல் முழிக்கிறது. பாடம் கைக்கு வருவது வேறு, மண்டையில் ஏறுவது வேறு.

இதைப் பெரிய செலவில் சோதித்துப் பார்த்த நாடு பெரு. கிராமத்துப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-இல் வந்தது: கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறவில்லை. டெல்லியில் வேறு கதை. பள்ளி விட்டபின் மையங்களில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து வகுப்பு நடத்தினார்கள். கார்த்திக் முரளிதரனும் மற்றவர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். அங்கே 90 நிமிட வகுப்பில் பாதி நேரம்தான் கணினி. மீதி நேரம் ஓர் உதவியாளர் சிறு குழுவாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அதோடு, பிள்ளை எந்த வகுப்பு என்று மென்பொருள் பார்க்கவில்லை. அதற்கு எதுவரை தெரியும் என்று பார்த்து அங்கிருந்து தொடங்கியது.

இந்த இரண்டு விஷயங்களையும் நம் ஊரில், காசு இல்லாமல், மாலை ஒன்றரை மணி நேரத்தில் எப்படிச் செய்வது என்பதுதான் கீழே இருப்பது. தமிழ்நாட்டு கிராமம் அல்லது சிறு நகரம், 15 முதல் 20 பிள்ளைகள், ஒன்று முதல் பிளஸ் டூ வரை கலந்து வருவார்கள் என்ற கணக்கில் எழுதுகிறேன்.

படி 1: இடமும் நேரமும்

இடத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுவோம். ஊர்த்தெருக் கோயில் மண்டபம் வசதியாகத்தான் இருக்கும். ஆனால் காலனிப் பிள்ளைகள் அங்கே வரத் தயங்குவார்கள், வந்தாலும் ஓரத்தில் உட்காருவார்கள். அப்புறம் 'எல்லோருக்கும் கல்வி' என்று பேனர் வைத்துப் பயனில்லை. பள்ளி வகுப்பறை, ஊர்ப்புற நூலகம், ஊராட்சிக் கட்டடம் என எல்லோரும் உரிமையோடு நுழையும் இடமாகப் பாருங்கள். தலைமை ஆசிரியரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஹைடெக் லேப் என்ற கணினி அறை இருக்கிறது. அதைத் திறந்துவிடச் சம்மதித்தால் பாதி வேலை முடிந்தது.

நேரம் மாலை 5:30 முதல் 7 வரை இருக்கட்டும். எட்டு மணி வரை இழுத்தால் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். காரணத்தை யாரும் சொல்ல மாட்டார்கள்.

'வீட்டில் போன் இருக்கா' என்று மட்டும் கேட்டு கணக்கெடுக்காதீர்கள். பல வீடுகளில் ஒரே ஸ்மார்ட்போன்தான். அது அப்பாவோடு வேலைக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்கு வரும். வந்ததும் முதலில் அண்ணன் கையில், கடைசியில்தான் தங்கச்சி கையில். அதனால் 'உன் கைக்குப் போன் எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் இருக்கும்' என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்டபின், வீட்டுக்கு வீடியோ அனுப்பிப் பாடம் நடத்தும் எண்ணம் உங்களுக்கே போய்விடும். பொது இடத்தில் எல்லோரும் சேர்ந்து பார்க்கும் ஒரு திரைதான் நியாயமான ஏற்பாடு.

படி 2: ஆளைக் கண்டுபிடிப்பது

இந்த முயற்சி நிற்பதும் விழுவதும் இங்கேதான். பிளஸ் டூவோ கல்லூரியோ முடித்த, ஊரிலேயே இருக்கும் ஒருவர் போதும். அக்டோபர் 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலர்களாக இருந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்; அவர்களில் ஒருவர் உங்கள் ஊரில் நிச்சயம் இருப்பார். அவரிடமே போய்க் கேளுங்கள். இனி அவர்தான் நம் 'அக்கா'. கணக்கில் பட்டம் வேண்டாம். பிள்ளை தப்பாகச் சொன்னதும் உடனே சரியான விடையைச் சொல்லிவிடாமல், 'எப்படி வந்துச்சு?' என்று கேட்கிற பொறுமை வேண்டும்.

மாதம் ஒரு தொகை கொடுக்க ஊரில் நாலு பேர் சேர்ந்து ஏற்பாடு செய்யுங்கள். இலவச சேவை என்று ஆரம்பித்தால் மூன்று மாதம் ஓடும். டிவி வாங்க நன்கொடை தருபவர்கள், அக்காவுக்குச் சம்பளம் என்றால் தயங்குகிறார்கள். என்னைக் கேட்டால் டிவியைக் கடனாகக் கூட வாங்கலாம், அக்காவுக்குக் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

படி 3: எதுவரை தெரியும் என்று பார்ப்பது

முதல் வாரம் பாடமே வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துப் பாருங்கள். பிரதம் என்ற தொண்டு அமைப்பு 2005 முதல் நாடு முழுக்க நடத்தும் 'அசர்' ஆய்வின் சோதனைத் தாள் தமிழிலும் இருக்கிறது. வாசிப்புக்கு எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. கணக்குக்கு ஓரிலக்க எண், ஈரிலக்க எண், கடன் வாங்கும் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கு ஐந்து பத்து நிமிடம் ஆகும்.

இதைச் செய்யும்போது மற்றப் பிள்ளைகள் கேட்கும் தூரத்தில் இருக்கக் கூடாது. ஏழாம் வகுப்புப் பையன் ஒரு பத்தியை எழுத்துக்கூட்டிப் படிப்பதை ஐந்தாம் வகுப்புத் தங்கச்சி கேட்டுவிட்டால், மறுநாள் அவன் வர மாட்டான்.

வரும் முடிவைப் பார்த்து அதிர வேண்டாம். டெல்லி ஆய்விலேயே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நாலரை வகுப்பாக விரிந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கு ஒன்பதாம் வகுப்பு வீடியோவைப் போட்டால் ஏன் கொட்டாவி விடுகிறான் என்று இப்போது புரியும்.

அப்புறம் மூன்று குழுவாகப் பிரியுங்கள். குயில், மயில் என்று எப்படிப் பெயர் வைத்தாலும் எது மக்குக் குழு என்று ரெண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் வாசிப்புக்கு ஒரு பிரிவு, கணக்குக்கு வேறு பிரிவு என்று வையுங்கள். வாசிப்பில் கடைசிக் குழுவில் இருப்பவன் கணக்கில் முதல் குழுவில் வந்து உட்கார்ந்தால் கேலி தானாகக் குறையும்.

வேலை தேடி வந்த வட மாநிலக் குடும்பங்கள் உங்கள் ஊரில் இருந்தால் அந்தப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். அவர்களுக்குக் கணக்குப் பாடத்தை இந்தியிலோ ஒடியாவிலோ காட்ட முடிவது இணையத்தால்தான். தமிழ் வாசிப்பை நம் பிள்ளைகளோடு சேர்ந்து கற்றுக்கொள்ளட்டும்.

படி 4: சாமான்

எச்டிஎம்ஐ துளையும் யுஎஸ்பி துளையும் இருக்கும் 32 அங்குல எல்இடி டிவி போதும். ஸ்மார்ட் டிவி கட்டாயமில்லை. லேப்டாப்புக்கு ஊருக்குள்ளேயே விசாரியுங்கள். 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்புகள் எத்தனையோ வீட்டுப் பரணில் தூங்குகின்றன. பேட்டரி செத்திருக்கும், சார்ஜரில் போட்டால் பல இன்னும் ஓடும். எச்டிஎம்ஐ கேபிள், இரண்டு பென்டிரைவ், ஒரு சின்ன ஸ்பீக்கர், நீளமான ஜங்ஷன் பாக்ஸ். ஸ்பீக்கரை மட்டும் விட்டுவிடாதீர்கள். மின்விசிறிச் சத்தத்தில் டிவி ஒலி பின்வரிசைக்குக் கேட்காது, கேட்காத பிள்ளைகள் பேச ஆரம்பிப்பார்கள்.

போனை டிவியில் வயரில்லாமல் காட்டுவது பார்க்க அழகு, பாதியில் துண்டிக்கும். கேபிளே நல்லது. இன்னும் சுலபமான வழி, வீடியோக்களை பென்டிரைவில் ஏற்றி டிவியின் யுஎஸ்பி துளையில் நேராகச் செருகுவது. நெட்டும் வேண்டாம், விளம்பரமும் வராது, 'அடுத்த வீடியோ' என்று சினிமாப் பாட்டும் வந்து விழாது.

படி 5: பாடம் எங்கே இருக்கிறது

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018-இல் புதிய பாடத்திட்டம் வந்ததிலிருந்து க்யூஆர் கோடு அச்சடித்து வருகிறார்கள். அதைத் திறக்கும் செயலி திக்‌ஷா. மத்திய அரசு 2017-இல் தொடங்கியது. செயலியை நிறுவியதும் மாநிலம், பாடமொழி, வகுப்பு மூன்றையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் செயலிக்குள் இருக்கும் ஸ்கேன் பொத்தானை அழுத்திப் புத்தகத்துக் கோட்டைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளியும் பயிற்சியும் வரும். வைஃபை இருக்கும் இடத்தில் தரவிறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும்.

ஆகஸ்ட் 2019-இல் தொடங்கிய கல்வி டிவியின் பாடங்கள் யூடியூபிலும் இருக்கின்றன. ஆறு முதல் பன்னிரண்டு வரை பாடப் பகுதிகளைக் காட்சியாக விளக்க, பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலி இருக்கிறது. பாடநூல் பிடிஎஃப்களும் இலவசம்.

எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பிடித்தது ஃபெட். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சிமுலேஷன் தொகுப்பு இது, அதாவது திரையிலேயே செய்துபார்க்கும் சோதனைகள். மின்சுற்று சிமுலேஷனில் பிள்ளையே பேட்டரி, வயர், பல்பு என்று இழுத்துச் சேர்க்கலாம். பல்பு இல்லாமல் பேட்டரியின் இரண்டு முனையையும் வயரால் சேர்த்தால் திரையில் தீப்பிடிக்கும். எல்லாப் பிள்ளையும் முதலில் அதைத்தான் செய்யும். செய்யட்டும்; ஷார்ட் சர்க்யூட் என்றால் என்ன என்று அப்புறம் விளக்க வேண்டிய அவசியமே இருக்காது. கணக்கில் ஜியோஜீப்ரா இதே மாதிரி. பாடநூலின் 'இணையச் செயல்பாடு' பக்கங்களில் அதன் இணைப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான வகுப்புகளில் தொடாமல் தாண்டிப் போகும் பக்கம் அதுதான்.

யூடியூபில் தனியார் ஆசிரியர்கள் போடும் வீடியோக்களிலும் அருமையானவை உண்டு. ஒரே நிபந்தனை: அக்கா முழுவதும் பார்த்த பின்பே பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் நீண்டால் வேறொன்றைத் தேடுங்கள்.

படி 6: ஒரு வகுப்பு எப்படி நடக்கும்

பாடம் பின்னம் கூட்டல். வீடியோவில் ஆசிரியர் பலகையில் 1/2 + 1/3 என்று எழுதி, 'இதை எப்படிக் கூட்டுவது?' என்று கேட்பார். அந்த இடத்தில் அக்கா நிறுத்திவிட வேண்டும். விடை வரும்வரை ஓடவிட்டால் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள், புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள், வீட்டுக்குப் போய் நோட்டைத் திறந்தால் ஒன்றும் வராது.

நிறுத்தியதும் எல்லோரும் நோட்டில் போடட்டும். பக்கத்தில் எட்டிப் பார்க்காமல் மூன்று நிமிடம். அப்புறம் சுற்றி வந்து பார்த்தால் பாதிக்கு மேல் 2/5 என்று எழுதியிருக்கும். மேலே ஒன்றும் ஒன்றும் ரெண்டு, கீழே ரெண்டும் மூணும் அஞ்சு. 'தப்பு' என்று சொல்லாமல் பேச்சு இப்படிப் போகலாம்:

'தம்பி, நீ அரை தோசை தின்னுட்டே. அப்புறம் இன்னொரு தோசையில மூணுல ஒரு பங்கு தின்னே. மொத்தம் தின்னது அரையைவிட ஜாஸ்தியா, கம்மியா?'

'ஜாஸ்திதான்க்கா.'

'சரி, அஞ்சுல ரெண்டுன்னு எழுதியிருக்கியே, அது அரையைவிட ஜாஸ்தியா?'

இங்கே ஒரு நிமிடம் மௌனம் வரும். அந்த மௌனத்தைக் கலைக்காதீர்கள், பிள்ளை யோசிக்கிறது. யாராவது ஒருத்தி, 'அக்கா, அஞ்சுல ரெண்டுன்னா பாதிகூட வரலியே' என்பாள். இப்போது எல்லோருக்கும் ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டையைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் ஆறாக மடிக்கச் சொல்லுங்கள். ஒன்றில் அரைக்கு மூன்று மடிப்பு, இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டு மடிப்பு என்று வண்ணம் அடித்து எண்ணினால் ஐந்து. 5/6. இதற்கப்புறம் வீடியோவின் மீதியை ஓடவிடுங்கள். ஆசிரியர் 'மீச்சிறு பொது மடங்கு' என்று சொல்லும்போது பிள்ளைகளுக்கு அது வெறும் சொல்லாக இருக்காது. கையில் மடித்த ஆறு ஞாபகம் வரும்.

மொத்தம் எட்டு நிமிட வீடியோவுக்கு நாற்பது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் மற்ற இரண்டு குழுக்கள்? ஒரு குழு நூலகக் கதைப்புத்தகத்தை ஜோடி ஜோடியாகச் சத்தமாகப் படிக்கலாம். இன்னொரு குழு லேப்டாப்பில் பயிற்சிக் கணக்கு, மூன்று பேருக்கு ஒரு லேப்டாப். மௌஸ் எப்போதும் ஒரே பையன் கையில் இருக்கும், கவனியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைமாற வேண்டும் என்று முதல் நாளே சட்டம் போடுங்கள்.

வகுப்பு முடியும்போது ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு கணக்கு போட்டுக் கொடுத்துவிட்டுப் போகட்டும். அந்தச் சீட்டுகளைப் பார்த்துத்தான் நாளைக்கு எங்கே ஆரம்பிப்பது என்று அக்கா முடிவு செய்ய வேண்டும்.

படி 7: நெட் இல்லாத ஊரில்

வீடியோவை 360பி தரத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமாராக 300 எம்பி. டவரே எடுக்காத ஊராக இருந்தால் கோலிப்ரி என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள். ஒரு லேப்டாப்பில் நிறுவி, நெட் கிடைக்கும் இடத்தில் பாடங்களை ஒருமுறை ஏற்றிக்கொண்டு வந்தால் போதும். சாதாரண வைஃபை ரூட்டரோடு அதை இணைத்துவிட்டால், அறைக்குள் இருக்கும் மற்ற லேப்டாப்பும் போனும் பிரவுசர் வழியாக அதே பாடங்களைத் திறக்கும். இணைய இணைப்பு தேவையில்லை. யார் எதை முடித்தார்கள் என்று அக்காவின் திரையில் தெரியும். தமிழ் விக்கிப்பீடியாவை அப்படியே தரவிறக்கி நெட் இல்லாமல் படிக்க கிவிக்ஸ் இருக்கிறது. ஃபெட் சிமுலேஷன்களையும் தனித்தனிக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

கரண்ட் போனால் காகிதப் பட்டையும் கதைப்புத்தகமும் இருக்கின்றன. அன்றைக்கு வகுப்பை ரத்து செய்யாதீர்கள்.

படி 8: பெரிய பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ முடித்தவர்கள், கல்லூரியில் சேர்ந்தவர்கள், படித்துவிட்டு வேலை தேடுபவர்கள் ஆகியோருக்கு வழி வேறு. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் என்ற இணையவழிக் கல்லூரிப் பாடத் திட்டம், சென்னை ஐஐடியிலிருந்து ஒருங்கிணைக்கப்படுகிறது. பாடத்தில் சேரக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக் கட்டணம், பாடத்துக்கு 1000 ரூபாய் அளவில். தேர்வை நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். வாராவாரம் வரும் அசைன்மெண்டுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. தேர்ச்சிக்கு அசைன்மெண்டில் 10, தேர்வில் 30 வேண்டும். பொறியியல் மாணவர்கள் அசைன்மெண்ட் விடையை வாட்ஸப் குழுவில் வாங்கிப் போட்டுவிட்டுத் தேர்வில் மாட்டிக்கொள்வது வழக்கமான கதை. என்பிடெல் பாடங்களும் இருக்கும் மத்திய அரசின் இணையதளம் ஸ்வயம். கல்லூரி அனுமதித்தால் அந்தத் தளப் பாடங்களின் கிரெடிட் பட்டப்படிப்போடு சேரும். யுஜிசியின் 2021 விதிப்படி ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை.

ஆங்கிலம் தடையாக இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல். லிப்ரே ஆஃபிஸ் முதல் பைத்தான் நிரல்மொழி வரை கணினி கற்றுத்தரும் சுமார் பத்து நிமிட வீடியோக்கள், பல தமிழ்க் குரலில் கிடைக்கின்றன. திரையின் ஒரு பாதியில் வீடியோ, மறு பாதியில் மென்பொருள்; பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். பார்த்து முடித்துவிட்டுச் செய்யலாம் என்றால் நடக்காது.

தனியாகச் சேர்ந்தால் பெரும்பாலோர் பாதியில் விட்டுவிடுவார்கள். உலகம் முழுக்க இணையவழிப் பாடங்களின் நிலைமை அதுதான். ஒரே பாடத்தில் நாலு பேராகச் சேருங்கள், ஞாயிறு காலை அதே படிப்பகத்தில் கூடி அந்த வார அசைன்மெண்டை ஆளுக்கு ஆள் விளக்குங்கள்.

படி 9: முன்னேற்றமா இல்லையா

காலாண்டு மதிப்பெண்ணை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். பெற்றோர் சொல்வார்கள், அது அவர்கள் கவலை. அதே டெல்லி ஆய்வில், அடிப்படைக் கணக்கில் நன்றாகத் தேறிய பிள்ளைகளுக்கும் பள்ளிக் கணக்குத் தேர்வில் மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை. தேர்வு கேட்டது அவர்கள் இன்னும் எட்டாத வகுப்புக் கேள்விகளை. முதல் வாரம் வைத்த அதே வகைச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வையுங்கள். 'உங்க பொண்ணு ஜூன்ல சொல் மட்டும்தான் படிச்சா, இப்ப முழுக் கதை படிக்கிறா' என்று சொல்லி அந்தப் பிள்ளையையே அம்மா முன்னால் படிக்கவையுங்கள். மதிப்பெண் அட்டையைவிட அது பெற்றோரை நம்பவைக்கும். பிள்ளைகளின் முகத்தோடு வீடியோ எடுத்து நன்கொடையாளருக்கு அனுப்பும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

பத்தாம் வகுப்புக்காரர்களுக்கு விதிவிலக்கு கொடுத்தே ஆக வேண்டும். ஜனவரி முதல் அவர்களுக்குப் பொதுத்தேர்வு வினாத்தாள்தான் பாடம். அடிப்படையை ஏப்ரலுக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசி ஏற்பாடு, அக்கா போய்விட்டால் என்ன செய்வது. போவார்: வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகும், டிஎன்பிஎஸ்சி பாஸ் ஆவார். அதனால் முதல் மாதத்திலேயே ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தப் பாடத்துக்கு எந்த வீடியோ, எத்தனையாவது நிமிடத்தில் நிறுத்த வேண்டும், அங்கே பிள்ளைகள் வழக்கமாக என்ன தப்பு செய்வார்கள் என்று அக்கா தினம் நாலு வரி எழுதட்டும். கணக்கில் கெட்டியான பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருவரை வாரம் ஒரு நாள் சின்னக் குழுவுக்கு வகுப்பெடுக்க விடுங்கள். நோட்டு, பென்டிரைவ், திக்‌ஷா கடவுச்சொல், பீரோ சாவி நாலும் இருக்கும் இடம் குறைந்தது மூன்று பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.